மூன்றாம் மாடியில் ஒரு மாட்டுக்காரி

கொழும்பில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்துகொண்டு நான் மாட்டுப் பட்டி ஒன்றுக்குச் சொந்தக்காரியாக இருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு பூனை வளர்க்கக்கூட இடமில்லை. துணி காயப்போடும் கம்பியில் வந்து குந்தும் காகத்தைத் தவிர வேறெந்த உயிரோடும் எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் வகுப்பில் யாராவது எங்கள் வீட்டில் கார் இருக்கிறது, கம்பியூட்டர் இருக்கிறது என்று பீற்றிக்கொண்டால், நான் பெரிய மனுஷியைப்போல, "எனக்கு மாடு இருக்கு" என்பேன். "உங்கட அப்பாவுக்கா?" என்று கேட்பார்கள். "அப்பாவுக்கு என்ன இருக்கு, எனக்குத்தான்" என்பேன். அதற்குமேல் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள்.

மாடுகள் இருந்தது கிழக்குக் கரையில், வாகரைப் பக்கம், அம்மாவின் ஊரில். எங்கள் ஆட்களிடம் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் போகும். கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டோடு போய் இருக்க வேண்டும். அந்த முறைப்படி பார்த்தால் அப்பாதான் வாகரைக்குப் போயிருக்க வேண்டும். அப்பாவுக்குக் கொழும்பில் ஓர் அச்சகத்தில் வேலை. அதனால் எல்லாம் தலைகீழாகி, அம்மா கொழும்புக்கு வந்துவிட்டார். ஊர் வீடு அம்மாவின் தங்கைக்கு, என் சின்னம்மாவுக்குப் போனது. அம்மாவின் அப்பாவுக்கு, அதாவது என் அம்மப்பாவுக்கு, இது மனதில் கிடந்து உறுத்தியிருக்க வேண்டும். நான் பிறந்த செய்தி போனதும், வீடுதான் இல்லை, பேத்திக்கு மாடாவது இருக்கட்டும் என்று தன் பட்டியிலிருந்த நல்லதொரு நாகை என் பேருக்கு விட்டார். நாகு என்றால் இன்னும் கன்று போடாத இளம் பசு.

பேருக்கு விடுவது என்பது சும்மா வாயால் சொல்லும் காரியமில்லை. ஊரில் ஒருவருடைய மாடு இன்னொருவருடைய பட்டியில் கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வேண்டும் அல்லவா, அதற்காக இரும்பைக் காய்ச்சி மாட்டின் தொடையில் குறி சுடுவார்கள். என் பசுவின் வலது தொடையில் எங்கள் குடிக்குரிய குறியும் இடது தொடையில் என் பெயரின் முதலெழுத்தும் சுடப்பட்டன. அன்றிலிருந்து அந்தப் பசுவும், அது போடும் கன்றுகளும், அந்தக் கன்றுகளின் கன்றுகளும் என்னுடையவை. அம்மப்பா வெறும் காவல்காரர். இதை அவர் செல்லத்துக்காகச் சொன்னதில்லை. உண்மையாகவே என்னிடம் சம்பளம் வாங்கும் ஆளைப்போல நடந்துகொண்டார்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த ஒரு காலத்தில், எனக்கு நாலு வயதிருக்கும், என்னை ஊருக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். எனக்கு அதில் ஞாபகம் இருப்பது ஒன்றேயொன்று. ஒரு பெரிய சொரசொரப்பான நாக்கு என் கையை முழங்கைவரை நக்கியது, நான் ஊரைக் கூட்டிக் கத்தினேன். அது என் பசுதான் என்று பிறகு சொன்னார்கள். மற்றதெல்லாம் தொலைபேசி வழியாக வந்ததுதான்.

அம்மப்பா தயிர் விற்க வாழைச்சேனைக்கு வரும்போது அங்கேயிருக்கும் கொமினிகேஷன் கடை ஒன்றிலிருந்து எங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். எங்கள் கட்டடத்தின் கீழே பலசரக்குக் கடை இருந்தது, அழைப்பு அங்கேதான் வரும். அந்த முதலாளி மேலே பார்த்துக் குரல் கொடுத்தால் நாங்கள் மூவரும் விழுந்தடித்துக்கொண்டு இறங்குவோம். அம்மா இரண்டு வார்த்தை, அப்பா இரண்டு வார்த்தை. மிச்ச நேரம் முழுவதும் எனக்கு. அம்மப்பாவின் குரலுக்குத் தொலைபேசியே தேவையில்லை, வாழைச்சேனையில் நின்று கத்தினால் கொழும்புக்குக் கேட்கும் என்று அப்பா சொல்வார்.

"புள்ள, உன்ட பசு கண்டு போட்டிரிக்கி. நாகுக் கண்டு. நெத்தியில வெள்ளை. என்ன பேர் வைக்க?"

பேர் வைப்பது என் அதிகாரம். ஊர்க்காரர் மாட்டுக்கு வைக்கும் பேரெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அந்த நேரத்தில் எனக்கு எது பிடிக்குமோ அதையே வைத்தேன். முதல் கன்றுக்கு பிஸ்கட். அடுத்ததற்கு லிஃப்ட், ஏனென்றால் அந்த வாரம்தான் அப்பா என்னை ஒரு பெரிய கடையில் லிஃப்டில் ஏற்றி இறக்கியிருந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அம்மப்பா சிரிக்கவே இல்லை. "லிப்டு. நல்ல பேர். கூப்பிட வாய்க்கு லேசா இரிக்கி" என்று மரியாதையாக ஏற்றுக்கொண்டார்.

பிறகு சுனாமி வந்தது. வாகரைப் பக்கத்திலிருந்து எந்தச் செய்தியும் இல்லை. பாலம் உடைந்துவிட்டது, பாதை இல்லை, ஆட்கள் இல்லை என்று ஆளுக்கொரு கதை. அம்மா அடுப்பு மூட்டவில்லை. கீழே கடைக்காரர்தான் பாணும் பருப்பும் கொடுத்தனுப்பினார். நாட்கள் போய், ஒரு பின்னேரம் அவருடைய குரல் கேட்டது. அம்மா படி இறங்கிய வேகத்தில் செருப்பு ஒன்று நடுப்படியிலேயே நின்றுவிட்டது.

அம்மப்பாதான் பேசினார். உயிரோடு இருந்தார். கடல் வந்த நேரம் அவர் மாடுகளோடு உள்ளே மேய்ச்சல் தரையில் நின்றிருக்கிறார். சின்னம்மா கரையிலிருந்த வீட்டில் இருந்திருக்கிறார். அம்மா தொலைபேசியைக் காதில் வைத்தபடியே கடையின் அரிசி மூட்டைகளுக்கிடையில் தரையில் அமர்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தொலைபேசியை என்னிடம் நீட்டினார். அம்மப்பா என்னைக் கேட்டிருக்கிறார்.

"புள்ள, பயந்து போனியா? உன்ட மாட்டுக்கு ஒண்டும் நடக்கல்ல. எல்லாம் மேட்டுல நிக்குது. பிஸ்கட்டு நல்லா மேயுது."

அதே குரல். அதே கத்தல். மகளைப் பறிகொடுத்துவிட்டதைத் தன் மூத்த மகளுக்குச் சொல்லி முடித்த அதே மூச்சில், பேத்தியின் மாட்டைப் பற்றி அந்த மனிதர் எப்படிப் பேசினார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அன்று எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. மாடு பிழைத்துவிட்டதே என்று துள்ளினேன். அம்மாவிடம் திரும்பி, "அம்மா, அழாதீங்க, ஒரு மாடும் சாகல்லயாம்" என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

அதற்கடுத்து வந்தது சண்டை. கடல் விட்டுவைத்ததை ஷெல் எடுத்தது. ஊர் முழுவதும் காட்டுவழியாக நடந்து வெளியே வந்தது. கிளம்புகிற அன்று அம்மப்பா பட்டியின் கட்டையை உருவிப்போட்டு, மாடுகளை எல்லாம் காட்டுப் பக்கம் விரட்டிவிட்டிருக்கிறார். கட்டிக்கிடந்து சாவதைவிட அவிழ்ந்து போகட்டும் என்று. அகதி முகாமிலிருந்து எங்களுக்கு எடுத்தபோது என்னிடம் அவர் சொன்னது, "மாடெல்லாம் காட்டுக்குள்ள நிக்குது புள்ள. நல்ல புல்லு, நல்ல தண்ணி. உன்ட குறி கிடக்குத்தானே, எங்க போனாலும் உன்ட மாடுதான்."

அம்மா அவரைக் கொழும்புக்கு வரச்சொல்லிக் கெஞ்சினார். அப்பா, நானே வந்து கூட்டிவருகிறேன் என்றார். அம்மப்பா அசையவில்லை. "அவளுக்குக் குடுத்த மாட்டை விட்டிட்டு நான் எந்த முகத்தோட வாற, மருமகன்?" என்று அப்பாவிடம் கேட்டாராம். ஊருக்குத் திரும்பலாம் என்றதும் முதல் ஆளாய்ப் போனார். போய், காடு காடாக அலைந்து குரல் கொடுத்துத் தேடியிருக்கிறார். ஒரு மாடுகூடக் கிடைக்கவில்லை. சில மிதிவெடியில் போயின, சில யாருடைய சட்டிக்கோ போயின, சில போன இடமே தெரியவில்லை. மனைவி நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார், மகளும் வீடும் கடலோடு போயின, இப்போது பட்டியும் போனது. அந்த வயதில் அவருக்கு மிச்சமாக இருந்தது ஒரு தகரக் கொட்டிலும் கையிலிருந்த கம்பும்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது அம்மப்பா இறந்த பிறகு. அம்மா சொல்லித்தான். அந்த வருடங்களில் எங்கள் உறவில் இது தெரியாத ஒரே ஆள், மாடுகளின் சொந்தக்காரியான நான்.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மப்பாவின் அழைப்பு தவறாமல் வந்துகொண்டிருந்தது. இப்போது அப்பாவிடம் கைத்தொலைபேசி இருந்தது. அம்மப்பாவும் எப்படியோ ஒன்று வாங்கியிருந்தார். "மாடெல்லாம் வந்து சேர்ந்திட்டுது புள்ள" என்று ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து பட்டி மறுபடியும் பெருகத் தொடங்கியது.

இந்த இடத்தில்தான் அம்மப்பாவை நினைத்து எனக்கு மலைப்பு வரும். பொய் சொல்கிற மனிதர் என்றால் வாரத்துக்கு ஒரு கன்று போட வைத்திருக்கலாம். கேட்பது கொழும்புப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும்? அவர் அப்படிச் செய்யவில்லை. இல்லாத பசு சினைப்பட்டால், அது சுமக்க வேண்டிய மாதங்களைச் சுமந்துதான் தீரும். நான் பொறுமையில்லாமல், "இன்னுமா போடல்ல?" என்று கேட்டால், "அவசரப்பட்டா நடக்குமா? மாடு என்ன கோழியா?" என்று அதட்டுவார். மழை பிந்தினால் என் மாடுகளுக்குப் பால் வற்றும். மாரி காலத்தில் குளம்பில் புண் வரும். லிஃப்ட் வளர்ந்து நாகாகி, முதல் கன்று போட்டு, கன்றுக்குப் பால் கொடுக்காமல் உதைத்து, பிறகு மெல்லமெல்ல வழிக்கு வந்தது. அந்த உதையெல்லாம் அவர் சொல்லக் கேட்டு எனக்கே வலித்திருக்கிறது.

ஒரு கன்றுக்குச் சனிக்கிழமை என்று பேர் வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால். அந்தக் கன்றைப் பாம்பு தீண்டிவிட்டது. அம்மப்பா அந்த ஞாயிறு குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் குரலைத் தாழ்த்தி நான் கேட்டது அதுவே முதல் தடவை. நான் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. தலையணையில் முகத்தைப் புதைத்து அழுத அழுகையில் காய்ச்சலே வந்துவிட்டது. அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மொட்டை மாடிக்குப் போய் அம்மப்பாவுக்கு எடுத்து, "இல்லாத கண்டைச் சாகடிச்சு என்ட புள்ளைய ஏனப்பா அழ வைக்கிறீங்க?" என்று சண்டை பிடித்திருக்கிறார்.

"பட்டி எண்டா சாவும் இரிக்கும் மகள். சாகாத பட்டிய எந்தப் புள்ள நம்பும்?" என்றாராம் அம்மப்பா.

எங்கள் வகுப்பில் அப்போது வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து சேர்ந்த பிள்ளைகள் பலர் இருந்தார்கள். இடைவேளையில் கதை வரும். ஒருத்திக்கு வீடு போனது. ஒருத்திக்கு அண்ணன். ஒருத்தி தன் சைக்கிளைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொல்வாள். என் முறை வந்தால், "எங்கட மாடு இப்ப ஏழெட்டு ஆயிட்டுது" என்பேன். எல்லாரும் எதையாவது பறிகொடுத்த அந்த வருடங்களில் நான் மட்டும் ஒன்றையும் இழக்கவில்லை. என் சொத்து வளர்ந்துகொண்டே போனது. அதற்காக ஒரு கிழவர் தகரக் கொட்டிலில் உட்கார்ந்து வாரம் முழுவதும் யோசித்திருக்கிறார்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் சொன்ன வருடத்தின் ஓகஸ்ட் விடுமுறையில் அம்மா என்னை ஊருக்குக் கூட்டிப்போனார். எனக்குப் பத்து வயது. போக வேண்டும் என்று தலைகீழாக நின்றது நான்தான். அம்மா ஒவ்வொரு சாக்காகச் சொல்லிப் பார்த்தார். வெயில் என்றார், பஸ் சரியில்லை என்றார். சொந்த மாட்டைப் பார்க்க ஒருத்திக்கு உரிமை இல்லையா என்று நான் கேட்டதும், அப்பா பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

பொலன்னறுவை வழியாக ஓட்டமாவடிக்கு வந்து, அங்கிருந்து வாகரை பஸ் ஏறினோம். பஸ்ஸில் அம்மா கைத்தொலைபேசியில் அம்மப்பாவோடு ரகசியமாகப் பேசிக்கொண்டே வந்தார். "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று அவர் கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மப்பா நான் நினைத்திருந்ததில் பாதிதான் இருந்தார். அவ்வளவு பெரிய குரல் இவ்வளவு சின்ன உடம்பிலிருந்தா வந்தது என்று எனக்குப் பெரிய ஏமாற்றம். என் தலையில் கையை வைத்து, முகத்தை உற்றுப் பார்த்து, "நல்லா வளர்ந்திட்டாய்" என்றார். நான் பையைக்கூட இறக்கவில்லை. "மாடு எங்க?" என்று கேட்டேன்.

"வெயில் ஏறிட்டுது. காலையில போவம்."

விடிந்ததும் கூட்டிப்போனார். அம்மா தலைவலி என்று சொல்லிக் கொட்டிலிலேயே இருந்துவிட்டார். வாவிக்கரையோரம் வெகுதூரம் நடந்தோம். வழியில் அம்மப்பா அதிகம் பேசவில்லை. தொலைபேசியில் நிறுத்தாமல் கத்துகிற மனிதர் நேரில் இப்படி ஊமையாகிவிட்டாரே என்று எனக்கு அலுப்பாக இருந்தது. முள்ளுப் பற்றைகளைத் தாண்டியதும் புல்வெளி. அங்கே மாடுகள் நின்றன. கறுப்பு, சிவப்பு, புள்ளி, வெள்ளை. ஏழெட்டு என்ன, அதைவிடப் பல மடங்கு.

"எல்லாமா?" என்று கேட்டேன்.

"உன்ட கொஞ்சம். மற்ற ஆக்கள்ற கொஞ்சம். எல்லாம் ஒண்டாத்தான் மேயும்" என்றார் அம்மப்பா.

அந்த மாடுகள் அத்தனையும் ஓட்டமாவடியைச் சேர்ந்த ஒரு ஹாஜியாருடையவை. அம்மப்பா அவற்றைக் கூலிக்கு மேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அந்த ஹாஜியாரின் கடைக்குத்தான் அம்மப்பாவின் பட்டித் தயிர் போகும். மண்முட்டியில் தயிர் உறைந்து கைக்கு வரும்வரை அவர் சைக்கிளோடு எங்கள் பட்டி வாசலில் காத்துநின்ற நாட்கள் உண்டாம். இப்போது அவர் மாட்டுக்கு அம்மப்பா காவல். எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் சொந்தக்காரி வந்த தோரணையில் புல்வெளிக்குள் இறங்கினேன்.

"பிஸ்கட்!" என்று கூப்பிட்டேன். ஒரு மாடும் தலை தூக்கவில்லை. "லிஃப்ட்!" என்று கத்தினேன். ஒரு கிழட்டு எருது மட்டும் என்னை அலட்சியமாகப் பார்த்துவிட்டு அசைபோட்டது.

"பேரைக் கேட்டுத் திரும்ப அது என்ன நாயா?" என்றார் அம்மப்பா. நெற்றியில் வெள்ளையுள்ள ஒரு சிவப்புப் பசுவைக் கம்பால் காட்டினார். "அந்தா, அதுதான் பிஸ்கட்டு."

நான் ஓடினேன். பசு நல்ல பசு, அடங்கி நின்றது. நான் அதன் கழுத்தைத் தடவினேன், காதைத் தடவினேன், பிறகு நான் கொழும்பிலிருந்து எதைப் பார்க்க வந்தேனோ அதைப் பார்க்கப் பின்னால் போனேன். இடது தொடையில் என் எழுத்து இல்லை. ஒரு பிறை இருந்தது. அடுத்த மாட்டுக்கு ஓடினேன். அதிலும் பிறை. அதற்கடுத்ததிலும் பிறை.

"அம்மப்பா, என்ட எழுத்து எங்க?"

மழைக்கும் பாம்புக்கும் குளம்புப் புண்ணுக்கும் பதில் வைத்திருந்த மனிதர், இதை மட்டும் எப்படியோ யோசிக்காமல் விட்டுவிட்டார். மாட்டை அவர் உள்ளும் புறமும் அறிந்தவர். பத்து வயதுப் பேத்தி நேரே மாட்டின் பின்புறம் போய்ப் பார்ப்பாள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "வா புள்ள, அம்மா தேடுவா, போவம்" என்றார். நான் அசையவில்லை. "இது நம்மட மாடு இல்லையா?" என்று கேட்டேன். என் குரல் அழுகைக்குத் தயாராகிவிட்டது.

அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய சாரம், வெற்றிலை போட்ட வாய். அதுதான் ஹாஜியார். வாரத்துக்கொரு தரம் தன் மாட்டைப் பார்க்க வருகிறவர், போயும் போயும் அன்றைக்கா வர வேண்டும்? அம்மப்பாவின் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. நான் அதை வெயில் என்று எடுத்துக்கொண்டேன்.

ஹாஜியார் இறங்கி மாடுகளுக்குள் நடந்து வந்து, பிஸ்கட்டின் முதுகில் உரிமையோடு ஒரு தட்டுத் தட்டினார். எனக்குச் சுருக்கென்றது.

"நீங்க யாரு? இது எங்கட மாடு. நான் கொழும்பில இருந்து பார்க்க வந்திருக்கிறன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மப்பாவைப் பார்த்தார். அம்மப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாடுகள் புல்லை அரிந்து தின்னும் சத்தம் மட்டும் கேட்டது. ஹாஜியார் பசுவின் முதுகிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"தெரியும் மகள்" என்றார். "உங்கட மாடெண்டு தெரியும். அதான், கொழும்புக்கார மகள் வந்திரிக்காவாமே, பார்த்திட்டுப் போவம் எண்டு வந்த."

"அப்ப ஏன் இதில பிறை கிடக்கு? என்ட எழுத்து எங்க?"

"ஓ, அதுவா?" அவர் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். அந்த நேரத்துக்குள் யோசித்திருக்க வேண்டும். "அது நான் சுட்டது மகள். இந்த மாடெல்லாம் சண்டைக்குள்ள குறி இல்லாமத் திரிஞ்சதுகள். அந்த நேரம் உங்கட அம்மப்பா முகாமுல. ஆள் இல்லாத மாடெண்டா கண்டவனும் பிடிச்சிட்டுப் போவான். எங்கட பக்கம் என்ட குறி கிடந்தா ஒருத்தனும் தொடமாட்டான். அதான், பாதுகாப்புக்கு என்ட குறியப் போட்டு வைச்சிரிக்கன். மாடு உங்கடதான்."

நான் அம்மப்பாவைப் பார்த்தேன். அவர் மெல்லத் தலையாட்டினார். எனக்கு விஷயம் தெளிவாக விளங்கிவிட்டது, நியாயமாகவும் பட்டது. ஆனாலும் சொந்தக்காரி என்ற முறையில் ஒரு வார்த்தை சொல்லிவைக்காமல் விடமுடியாது.

"சரி, பரவாயில்ல. இனிமேல் கேட்காமச் சுடாதீங்க."

"இல்ல மகள். இனி உங்கக்கிட்டக் கேட்டுத்தான்" என்றார் ஹாஜியார், மிகவும் பணிவாக.

இவ்வளவு நல்லபடியாக நடந்துகொண்ட மனிதரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று எனக்குத் தோன்றியது. பற்றையோரம் நிழலில் அம்மப்பா தயிர் முட்டிகளை வரிசையாக மூடி வைத்திருந்தார். ஹாஜியாருக்குச் சேர வேண்டிய தயிர் அது. "அம்மப்பா, இவருக்கு ஒரு முட்டி தயிர் குடுங்க" என்றேன். அம்மப்பா தயங்கினார். கஞ்சத்தனம் என்று நினைத்து நானே போய், இருந்ததில் பெரிய முட்டியாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். "வைச்சுக்கொள்ளுங்க. என்ட மாட்டுத் தயிர். காசு வேணாம்."

ஹாஜியார் தன்னுடைய தயிரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "பெரிய மனசு மகள் உங்களுக்கு. அல்லாஹ் உங்கட பட்டியப் பெருக்கித் தருவான்" என்றார். அதை மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக் கயிற்றால் கவனமாகக் கட்டினார். ஏறி உட்கார்ந்து, அம்மப்பாவைப் பார்த்துக் கையை நெஞ்சில் வைத்தார்.

"அப்ப நான் வாறன், போடியார்."

நிலமும் பட்டியும் உள்ள பெரிய மனிதரைத்தான் எங்கள் பக்கத்தில் போடியார் என்பார்கள். கூலிக்கு மாடு மேய்க்கிறவரை யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். மோட்டார் சைக்கிள் பற்றைகளுக்குள் மறைந்து, சத்தமும் ஓய்ந்து வெகுநேரம் ஆன பிறகும் அம்மப்பா அதே இடத்தில் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நல்ல மனிசன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "நல்ல மனிசன்" என்றார்.

"இருக்காதா பின்ன? சும்மா தயிர் குடுத்தமே" என்றேன் நான்.

மூன்றாம் நாள் நாங்கள் கொழும்புக்குத் திரும்பினோம். வாகரையிலிருந்து கிளம்பிய பஸ்ஸில் ஜன்னலோரத்தில் அம்மா. அவருடைய தலைவலி இன்னும் போகவில்லை. புல்வெளிக்குப் போய்வந்ததைப் பற்றி அம்மப்பாவும் அவரிடம் வாய் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பஸ் கொஞ்ச தூரம் போனதும், "மாட்டைப் பார்த்தியா?" என்று என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டார்.

அவ்வளவுதான், நான் தொடங்கிவிட்டேன். பிஸ்கட் எவ்வளவு கொழுத்திருக்கிறது என்று சொன்னேன். யாரோ ஒரு ஹாஜியார் வந்ததையும், என்னைக் கேட்காமல் என் மாட்டுக்குக் குறி சுட்டிருந்ததையும், நான் அவரைக் கண்டித்து வைத்ததையும் சொன்னேன். பாவம், கேட்டதும் ஒத்துக்கொண்டார், ஆள் மோசமில்லை, பெரிய முட்டியாகப் பார்த்து ஒரு முட்டி தயிர் கொடுத்தேன், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார் என்றேன். போகும்போது அம்மப்பாவைப் போடியார் என்று கூப்பிட்டதையும் சொன்னேன்.

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தார், தோள் குலுங்கியது. ஓட்டமாவடி வரும்வரைக்கும் அப்படியேதான் இருந்தார். பஸ் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றைப் புரட்டிச் சத்தி வரப்போகிறது என்று நினைத்து, நான் பையைத் துழாவி புளிப்பு மணக்கும் ஒரு தேசிக்காயை எடுத்து, மோந்து பாருங்கள் என்று அவர் கையில் வைத்தேன்.